வரலாறு படிக்கப் போகும் பிள்ளைக்கு: ஆறாம் படிவம் முதல் வேலை வரை

எஸ்.பி.எம். வரலாற்றுத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த அத்தியாயம். குறிப்பாக ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். "வரலாறு படிச்சா வாத்தியார் வேலைதான், அதுவும் கிடைச்சாத்தான்" என்று உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லியே நல்ல பிள்ளைகள் பலர் விருப்பமில்லாத படிப்புகளில் போய் விழுகிறார்கள். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியைச் சொல்ல ஆள் இல்லை.

2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் வாங்க வேண்டுமானால் வரலாற்றில் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டும். அதனால் நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள், பெரும்பாலோர் மனப்பாடம் செய்து தேறுகிறார்கள். இந்த மனப்பாடம்தான் வரலாறு என்று நினைத்துக்கொண்டு மேற்படிப்புக்குப் போனால் முதல் பருவத்திலேயே சலிப்பு வந்துவிடும். பழைய தாள் ஒன்றைக் கையில் எடுத்து, இதை யார் எழுதினார், எதற்கு எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று கேட்கத் தெரிவதுதான் மேற்படிப்பில் வரலாறு. சம்பளம் தரும் திறமையும் அதுதான். தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போய், ஆங்கிலமும் ஓரளவு கைவந்த தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தத் தொழிலில் பெரிய முதல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. நம் தோட்டங்களைப் பற்றிய தாள்கள் மூன்று மொழிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. மூன்றையும் படிக்கக்கூடியவர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு.

ஆறாம் படிவம் என்கிற சின்னக் கல்லூரி

வரலாற்றுக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி எஸ்.டி.பி.எம். ஆறாம் படிவம்தான். மெட்ரிகுலேசனில் அறிவியல், கணக்கியல், பொறியியல் பக்கம்தான் போக முடியும், வரலாறு அங்கே இல்லை. தனியார் கல்லூரி அடித்தள வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கட்ட வேண்டும். ஆறாம் படிவத்தில் கட்டணம் பெயருக்குத்தான். மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு.

ஆறாம் படிவம் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இன்னும் பள்ளிக்கூடமா, கூடப் படித்தவளெல்லாம் கல்லூரியில் சேர்ந்துவிட்டாளே என்று வருத்தப்படுவார்கள். கௌரவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். கலைப்பிரிவில், அதிலும் வரலாற்றை எடுத்துப் படிப்பவர்கள் பல பள்ளிகளில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம் என்கிற அளவில்தான் இருப்பார்கள். பிள்ளை எழுதும் ஒவ்வொரு கட்டுரையையும் ஆசிரியர் வரி வரியாகப் படித்துத் திருத்துகிற வாய்ப்பு அங்கே கிடைக்கும். பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் பெரிய விரிவுரை மண்டபம், பெயர் தெரியாத விரிவுரையாளர், பருவத்துக்கு ஓரிரு கட்டுரை. எழுத்து தேறுவது இந்தச் சின்ன வகுப்பில்தான்.

ஆகவே வாரம் ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள், கேட்காவிட்டாலும் கொடுங்கள். சிவப்பு மை நிறைந்து திரும்பி வந்தால் ஆசிரியருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திருத்தி மறுபடியும் எழுதுங்கள். மலாயில் எழுதும்போது பாட நூலின் வாக்கியத்தை அப்படியே இறக்கி வைக்கும் பழக்கத்தை முதல் பருவத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பாடத் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுப்பாடம் எல்லாருக்கும் கட்டாயம். அதோடு வரலாறு, மலாய், தமிழ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நம் பிள்ளைகளுக்கு நல்ல கூட்டணி. தமிழ் எடுத்தால் பல்கலைக்கழகம் கிடைக்காது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது நல்ல தரப்புள்ளி வாங்கித் தரக்கூடிய பாடம். பிறகு சொல்லப்போகும் வேலைகள் பலவற்றுக்கு அதுவே துருப்புச்சீட்டு. முயூட் ஆங்கிலத் தேர்வைக் கடைசிப் பருவம் வரை தள்ளிப் போடாதீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். தமிழ்மொழிக் கழகமோ வரலாற்றுக் கழகமோ, ஏதாவது ஒன்றில் பொறுப்பெடுத்துச் செய்யுங்கள். அந்தப் பத்து விழுக்காட்டில் வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

வீட்டைச் சுற்றியே ஒரு படிப்பு

ஜெராமில் உட்கார்ந்துகொண்டு வரலாறு எங்கோ மலாக்காவில் இருக்கிறது என்று நினைப்பது சோம்பேறித்தனம். கோலசிலாங்கூர் புக்கிட் மலாவத்திக்கு எத்தனை முறை சுற்றுலா போயிருப்பீர்கள்! குரங்குக்குக் கடலை போட்டுவிட்டு வந்திருப்பீர்கள். 1784இல் டச்சுக்காரர்கள் அந்தக் குன்றைப் பிடித்து அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார். இன்று அங்கே நிற்கும் கலங்கரை விளக்கம் 1907இல் கட்டியது, பெயர் மட்டும் அந்த டச்சுப் பெயர். மாவட்ட வரலாற்று அருங்காட்சியகமும் அதே குன்றின்மேல்தான் இருக்கிறது. சாதாரண ஆளுக்கு இவையெல்லாம் தேதிகள். வரலாற்று மாணவனுக்கு ஒரு கேள்வி இருக்கிறது: கிள்ளானும் இருக்கும்போது எல்லாரும் ஏன் இந்த ஆற்று முகத்துக்கு அடித்துக்கொண்டார்கள்? ஆற்றில் இறங்கி வந்த ஈயத்தை யார் கைவசம் வைத்திருந்தார்கள் என்று தேடினால் பதில் கிடைக்கும்.

பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் தெனாமாரம் தோட்டம். மலாயாவில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டது அங்கேதான், 1917இல். நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்கிற பிரெஞ்சுக்காரர். அதே ஆள் பிறகு நாவலாசிரியராகி, மலாயா வாழ்க்கையை எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கினார். இன்று நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பரந்து கிடக்கும் செம்பனையின் கதை நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் இடத்தில் தொடங்குகிறது. இவ்வளவு பெரிய மாற்றத்தை வெயிலில் நின்று கையால் செய்து முடித்த நம் ஆட்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது யாருடைய வேலை என்று நினைக்கிறீர்கள்?

1941ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்த ஆண்டு பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதனும் முன்னின்றார்கள். கூலி உயர்வு மட்டும் அல்ல, கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும், துரையோ கிராணியோ வரும்போது சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கச் சொல்வதை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். மே மாதத்தில் நாதனைக் கைது செய்தார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்ற அந்த ஒரு கோரிக்கையை மட்டும் வைத்துக்கொண்டே நல்ல பட்டப்படிப்பு ஆய்வேடு ஒன்று எழுதலாம். கூலியைக் கேட்டவர்கள் மானத்தையும் சேர்த்துக் கேட்ட ஆண்டு அது. அரசாங்கக் கோப்பு அதை "கலகம்" என்று எழுதும், தமிழ்ப் பத்திரிகை வேறு மாதிரி எழுதும், தாத்தா இன்னொரு மாதிரி சொல்லியிருப்பார். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் கல்லூரி.

பழகிப் பார்க்க வீட்டிலேயே தொடங்கலாம். பாட்டியின் பழைய பிறப்புப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுங்கள். அதில் தேதிகள் இரண்டு இருக்கும். ஒன்று பிறந்த நாள், மற்றொன்று பதிந்த நாள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் ஏன் என்று கேளுங்கள்: தோட்டத்திலிருந்து பதிவு அலுவலகம் எவ்வளவு தூரம், யாருக்கு அன்று விடுப்பு கிடைத்தது? தகவல் சொன்னவர் என்ற கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறதா, கிராணியார் பெயரா, மருத்துவ உதவியாளர் பெயரா? பெயர் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். முனியம்மா ஒரு தாளில் ஒரு மாதிரியும் அடுத்த தாளில் வேறு மாதிரியும் இருப்பாள், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆவணக் காப்பகத்தில் ஒருவரைத் தேடும்போது நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும் என்ற பாடம் இந்த ஒரு தாளிலேயே கிடைத்துவிடும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் கம்பெனிப் பெயர் இருக்கும். நம் ஆட்கள் அந்தத் தோட்டத்துக்கு வைத்து வழங்கிய பெயர் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், கோப்பு தேடும்போது கம்பெனிப் பெயர்தான் உதவும். கம்பெனியும் கைமாறிக்கொண்டே வந்திருக்கும். கோல்டன் ஹோப், கத்ரி, சைம் டார்பி மூன்றும் 2007இல் ஒன்றானதால் பழைய பெயர்கள் பல மறைந்துவிட்டன.

அடுத்தது பாட்டியிடமே கேட்பது. இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

"பாட்டி, நீங்க எந்த வருசம் இந்தத் தோட்டத்துக்கு வந்தீங்க?"

"அதெல்லாம் யாருக்குய்யா ஞாபகம்."

பேச்சு அதோடு நின்றுவிடும். வருடத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்.

"பாட்டி, சப்பான்காரன் இருந்தப்ப நீங்க ஆயாக்கொட்டாயில இருந்தீங்களா, நடந்து திரியிற வயசா?"

"கொட்டாயிலதான்யா. எங்கப்பாவ சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனப்ப நான் கைப்புள்ள. ஆயா தூக்கி வெச்சிருந்தாளாம், அம்மா சொல்லுவாங்க."

ஒரே பதிலில் பிறந்த ஆண்டு ஏறக்குறையத் தெரிந்துவிட்டது, சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்குப் போன ஓர் ஆள் கிடைத்துவிட்டார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள், பலர் திரும்பவில்லை. அதே போல, லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டது எப்போது என்று கேட்டால் 1948க்குப் பிந்தைய அவசரகாலம். வேலைப் பர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குத் திரும்பியவர்கள் யார் யார் என்று கேட்டால் 1969ஐ ஒட்டிய ஆண்டுகள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள், முதலில் பாட்டியிடம் அனுமதி கேளுங்கள். அன்றிரவே எழுத்தாக்கி வைத்துவிடுங்கள். பாட்டி சொன்ன சொல்லை உங்கள் சொல்லாக மாற்றாதீர்கள். பிள்ளைக் காப்பகத்தை அவர் கொட்டாய் என்றால் கொட்டாய்தான், காலைப் பெயர்ப் பதிவைப் பெரட்டு என்றால் பெரட்டுதான்.

பட்டப்படிப்பு எங்கே?

மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம், சபா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் வரலாறு படிக்கலாம். ஆசிரியராகத்தான் போக வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது, வட சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் பக்கம். நான் பரிந்துரைப்பது மலாயாப் பல்கலைக்கழகம். அதற்கு ஒரே காரணம் உண்டு. தேசிய ஆவணக் காப்பகம், தேசிய நூலகம், இந்திய ஆய்வியல் துறை மூன்றும் கோலாலம்பூரிலேயே இருப்பதால், படிக்கிற காலத்திலேயே கோப்புகளோடு பழகிவிடலாம்.

நம்மைப் பற்றி எழுதிய பெரிய நூல்களையும் முதல் ஆண்டுக்குள் படித்துவிட வேண்டும். கர்னியால் சிங் சந்து 1969இல் வெளியிட்ட மலாயா இந்தியர் குடியேற்ற நூல், சின்னப்பா அரசரத்தினத்தின் 1970ஆம் ஆண்டு நூல், 1945 முதல் 1957 வரையிலான இந்தியர் அரசியலை ஆராய்ந்த ராஜேஸ்வரி அம்பலவாணரின் நூல். அரசரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். இவர்கள் எல்லாரும் பெரிய படத்தை வரைந்துவிட்டார்கள். உங்கள் தோட்டம், உங்கள் பள்ளி, உங்கள் கோயில் என்ற அளவிலான வேலை பெரும்பாலும் தொடப்படாமலே கிடக்கிறது. மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலையத் தேவையில்லை.

வேலை

ஆசிரியர் வேலையிலிருந்தே தொடங்குகிறேன், அதைத் தாழ்வாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கல்வியியல் பட்டம் பெற்றவர்கள் நேரே விண்ணப்பிக்கலாம். வரலாற்றில் மட்டும் பட்டம் பெற்றவர்கள் கல்வியியல் டிப்ளோமா ஒன்றையும் முடிக்க வேண்டும். நேர்முகத்தை நடத்துவது கல்விச் சேவை ஆணையம். இடம் காலியாகும் வரை ஒப்பந்த அடிப்படையில் காத்திருக்க வேண்டிய ஆண்டுகளும் வரலாம், அதற்கு மனம் தயாராக இருக்கட்டும். இன்னொன்று: 2014 முதல் தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப் பாடம். தமிழ்ப்பள்ளிகளில் அதைத் தமிழில் நடத்துகிறோம். பாடநூல், பயிற்சி நூல், கேள்வித்தாள், படக்கதை எல்லாவற்றுக்கும் வரலாறும் தெரிந்து தமிழும் எழுதத் தெரிந்தவர்கள் தேவை. மலாய் நூலை வரிக்கு வரி பெயர்த்துப் போட்ட பயிற்சி நூல்களைப் பார்த்து ஆசிரியர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லை.

அரசாங்கச் சேவையில் வரலாற்றுப் பட்டதாரிக்கென்றே அமைந்தது போன்ற வேலைகள் எஸ் வகுப்பில் இருக்கின்றன: ஆவணக் காப்பக அதிகாரி, அருங்காட்சியகக் காப்பாளர். முன்பு 41ஆம் நிலை என்று சொன்னது 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் 9ஆம் நிலை. தேசிய ஆவணக் காப்பகம் 1957 டிசம்பரில் தொடங்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த அரசாங்க அலுவலகமும் அதன் தலைமை இயக்குநர் அனுமதியின்றிப் பதிவேடுகளை அழிக்க முடியாது. இதனால் ஆவணப் பராமரிப்பு என்பது ஒவ்வொரு அமைச்சிலும், நில அலுவலகத்திலும் நடந்தாக வேண்டிய வேலையாகிவிட்டது. இந்தக் காப்பகங்களில் தமிழ் படிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு தாள் வெளிச்சத்துக்கு வரும் என்று நினைத்துப் பாருங்கள். சிலாங்கூரில், ஷா ஆலமில், சுல்தான் ஆலம் ஷா அருங்காட்சியகமும் உண்டு.

மரபுடைமைத் துறையை மறந்துவிடாதீர்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் வந்தது. 2013இல் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி எனும் பழமையான கோயில் ஒன்று நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது நாட்டையே உலுக்கியது. அந்த இடம் சட்டப்படி அறிவிக்கப்படாமல் இருந்ததும் ஒரு காரணம். ஓர் இடத்தைப் பட்டியலில் ஏற்ற வேண்டுமானால் அது என்ன, எப்போது கட்டியது, யார் பயன்படுத்தினார்கள் என்று ஆதாரத்தோடு அறிக்கை எழுதித் தர வேண்டும். வரலாற்று மாணவர் பட்டப்படிப்பில் பழகியது இதுவேதான். நம் பக்கத் தோட்டங்கள் வீட்டுமனையாகிக் கொண்டிருக்கும் இந்த நேரத்தில், பழைய கோயில், பள்ளிக் கட்டடம், லயம், இடுகாடு இவற்றுக்கு இப்படி ஓர் அறிக்கை எழுதித் தர ஆளில்லாமல் திண்டாடும் கமிட்டிகள் உண்டு.

எந்தப் பட்டம் என்று பார்க்காமல் ஆள் எடுக்கும் பெரிய சேவை நிர்வாக, அரசதந்திரச் சேவை. அரசாங்கச் சேவை ஆணையம் எழுத்துத் தேர்வு, மதிப்பீட்டு மையம், நேர்முகம் என்று வரிசையாகச் சலிக்கும். வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் தூதரக அதிகாரிகள் இந்தச் சேவை வழியாகத்தான் போகிறார்கள். வரலாறு படித்தவருக்கு அரசியலமைப்பு, நாட்டு நடப்பு, அறிக்கை சுருக்கி எழுதுவது இவற்றில் கை ஓடும். நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே குறைவு. "நமக்கெல்லாம் எங்க கிடைக்கும்" என்ற சொல்லைத் தயவுசெய்து வீட்டில் பேசாதீர்கள்.

பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. அச்சுப் பத்திரிகையை மட்டும் நம்பிப் போக முடியாது. மின்னல் எஃப்.எம்., பெர்னாமா தமிழ்ச் செய்தி, ஆவணப்படத் தயாரிப்பு என்று கலந்து போக வேண்டியிருக்கும். தொழிற்சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் பக்கமும் பாருங்கள். 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கூட்டக் குறிப்புகளும் இதழ்களும் இருக்கின்றன. சிவப்பு ஐ.சி.யோடு இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கும் முதியவர்களுக்கு உதவும் அமைப்புகளில் வேலை செய்பவர் பழைய பள்ளிப் பதிவேட்டையும் செக்ரோல் என்கிற தோட்டத்து ஆள் பதிவேட்டையும் தேடி எடுக்கத் தெரிந்தவராக இருந்தால் ஒரு குடும்பத்தின் வழக்கே நகர்ந்துவிடும். சம்பளம் அதிகம் இல்லாத வேலை, ஆனால் இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரியாது.

சுற்றுலாவும் நம் வாசலில் நிற்கிறது. கம்போங் குவாந்தான் மின்மினி, சாசாரான் கண்ணாடிக் கடல், புக்கிட் மலாவத்தி என்று வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வழிகாட்டியாக இருக்க சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும், அதற்கென்று பயிற்சி வகுப்பும் தேர்வும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் குழுக்களுக்குத் தமிழில் தோட்ட வரலாற்றைச் சொல்லி ஒரு நாள் சுற்றை நடத்தக்கூடியவர் இந்தப் பகுதியில் நல்ல பெயர் எடுக்கலாம். தனித் தொழிலாக எடுக்க முடியாவிட்டாலும் பக்க வருமானமாவது நிச்சயம் உண்டு.

இப்போதே செய்யக்கூடியவை

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவு வரும்வரை கிடக்கும் மாதங்களைக் கைபேசியில் கழிக்காதீர்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, தமிழ் முரசும் அதில் இருக்கிறது. ஜெராம் என்றும் கோலசிலாங்கூர் என்றும் ஆங்கில எழுத்தில் தட்டி, ஐம்பது ஆண்டு பின்னோக்கிப் போங்கள். ரப்பர் விலை, யானை வந்த செய்தி, தோட்ட விளையாட்டுப் போட்டி, நீதிமன்ற வழக்கு என்று குவியும். ஒவ்வொன்றுக்கும் பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் எழுதி வைக்கப் பழகுங்கள். இந்தப் பழக்கம் இல்லாததால் நல்ல ஆய்வேடுகள் மதிப்பெண் இழக்கின்றன.

பிறகு ஒரு நாள் கோலாலம்பூருக்குப் போய் தேசிய ஆவணக் காப்பகத்தைப் பாருங்கள். ஐ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளி ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. வீட்டிலிருந்தே இணையப் பட்டியலில் தேடி கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம். சிலாங்கூர் செயலக, மாவட்ட அலுவலகக் கோப்புகளிலிருந்து தொடங்கலாம். வாசிப்பறையில் பேனா கூடாது, பென்சில்தான். பையை வெளியே வைத்துவிட வேண்டும். முதல் நாள் ஒரு கோப்புக்கு மேல் கேட்காதீர்கள். பழைய கையெழுத்தைப் படிக்கவே அரை நாள் ஆகிவிடும். சலித்துக்கொள்ளாமல் அந்த ஒரு கோப்பைக் கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள், ஓரத்தில் அதிகாரிகள் கிறுக்கிய குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். அரசாங்கம் உள்ளுக்குள் என்ன நினைத்தது என்பது பெரும்பாலும் அந்த ஓரக் குறிப்பில்தான் இருக்கும்.

ஆறாம் படிவச் சேர்க்கை, யூ.பி.யு. எனும் அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பம், பி.டி.பி.டி.என். கல்விக் கடன் ஆகியவற்றின் தேதிகளும் தகுதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டு அறிவிப்பைக் கல்வி அமைச்சு, உயர்கல்வி அமைச்சு இணையப் பக்கங்களில் பாருங்கள், அடுத்த வீட்டு அண்ணன் போன ஆண்டு சொன்னதை வைத்து நிரப்பாதீர்கள். யூ.பி.யு. வழியாக இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கான காலம் குறுகியது. எஸ்.டி.பி.எம். முடிவு வந்த அன்றே சான்றிதழ், புறப்பாடச் சான்றுகள், முயூட் முடிவு எல்லாவற்றையும் ஒரே உறையில் நகலெடுத்துத் தயாராக வைத்திருங்கள். அம்மா கையில் ஒரு பிரதி இருக்கட்டும்.